தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல



கோடை நெருங்கினால் நம் அறக்கட்டளைக்கு அதிகம் வருவது போர் போட்டுத் தரும்படி கேட்கும் விண்ணப்பங்கள்தான். மறைந்த பெற்றோருக்காக ஸதகத்துல் ஜாரியாவாக அந்தச் செலவை ஏற்க முன்வருவோரும் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். தண்ணீர் வந்ததும் கையில் ஏந்திப் பார்க்கிறோம். நிறமில்லை, வாடையில்லை. துஆ ஓதித் திறந்து விடுகிறோம். அது போதாது என்பதற்குப் போபால் நகரம் சாட்சி.

போபால் என்றதும், 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து கசிந்த விஷவாயுவும், பலியான ஆயிரக்கணக்கான உயிர்களும் நினைவுக்கு வரும். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே இன்னொரு விஷம் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. 'செவின்' என்ற பூச்சிமருந்தைத் தயாரித்தபோது மிஞ்சிய கரைப்பான்களும், தார் போன்ற கசடும் ஆலை வளாகத்திலேயே கொட்டப்பட்டன. கழிவுநீரை வெயிலில் வற்றவைக்க, 1977இல் வளாகத்துக்கு வெளியே குளங்கள் வெட்டி அடியில் பிளாஸ்டிக் விரித்தார்கள். அவை கசிவது 1982லேயே நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது.

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். குளோரின் கலந்த கரைப்பான்களோ தண்ணீரைவிடக் கனமானவை. மழைநீரோடு இறங்கி, நிலத்தடி நீருக்கும் அடியில் போய்த் தங்கி, பல ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கரைந்து வரும். பாதரசம் எக்காலத்திலும் மக்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களும் உப்பும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவுதான் கூடும்.

சுற்றிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் அடிபம்புத் தண்ணீரைத்தான் குடித்தன. அவர்களுக்குச் சுத்தமான குடிநீர் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது. ஆலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி எடுத்த நீரிலும் மாசு இருந்ததாக 2009இல் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சொன்னது. சேகரித்து வைத்திருந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்குக் கொண்டுபோகப்பட்டு, ஜூன் முடிவில் எரித்து முடிக்கப்பட்டது. விபத்து நடந்து நாற்பது ஆண்டு! ஆனால் கெட்டுப்போன மண் சுமார் 11 லட்சம் டன் என்று 2010இல் அரசு ஆய்வு நிறுவனங்கள் மதிப்பிட்டிருந்தன.

இது தூரத்துக் கதை அல்ல. பொருள் வேறானாலும், நம் திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகளின் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளை உவராக்கியதைப் பெரியவர்கள் அறிவார்கள். நம் சமுதாயத்தார் பலருக்குச் சோறு போட்ட தொழில் அது என்பதால் உண்மையை மறைக்கக் கூடாது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தந்த தீர்ப்பு திண்டுக்கல் தோல் ஷாப்புகளையும் கட்டுப்படுத்தியது. நீரைக் கெடுத்தவரே இழப்பீடு தந்து, கெட்டதைச் சீர்செய்யவும் வேண்டும் என்பதே அதன் சாரம். நீர்த்துறையை அசுத்தப்படுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) சாபத்துக்குரிய செயல் என்று எச்சரித்ததை நாம் மதரஸாவிலேயே படித்திருக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. போர் போட்டதும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதியுங்கள். வழக்கமான சோதனை உப்பு, கடினத்தன்மை, ஃப்ளூரைடு, நைட்ரேட், கிருமி போன்றவற்றைத்தான் காட்டும். பக்கத்தில் ஆலையோ பழைய குப்பைக் கிடங்கோ இருந்தால் உலோகம், பூச்சிமருந்து எச்சம் ஆகியவற்றுக்கும் தனியாகச் சோதனை கேளுங்கள்.

2. மல்லிகைத் தோட்டத்துக்கு மருந்தடிப்பவர்கள் ஸ்பிரேயரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவ வேண்டாம். காலி மருந்து டப்பாவில் தண்ணீர் பிடிக்கவே கூடாது.

3. தண்ணீரின் நிறமோ வாடையோ மாறினால் தேதியைக் குறித்து வைத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் மனு கொடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

இனி சோதனை அறிக்கை கைக்கு வராமல் எந்தப் போரையும் நம் அறக்கட்டளை திறந்து வைக்காது. அந்தச் செலவும் நம்முடையதே. நன்மையை நாடிக் கொடுக்கும் தண்ணீர் யாருடைய பிள்ளைக்கும் நோயாகிவிடக் கூடாது. வல்ல அல்லாஹ் நம் தர்மங்களை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்