இன்னும் எத்தனை கிலோ மீட்டர்?

மின்சாரக் கார் சொல்லும் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

ஆவடி ரெயில் நிலையத்தில் நாள் முழுவதும் மின்சார ரெயில்கள் வருகின்றன, போகின்றன. "இன்னும் எத்தனை கிலோ மீட்டர் ஓடும்?" என்று எந்த ரெயிலைப் பார்த்தும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. தலைக்கு மேலே கம்பி இருக்கிறது. கம்பியில் மின்சாரம் இருக்கும் வரை ரெயில் ஓடும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கதையே வேறு. அங்கே மின்சார ஸ்கூட்டர் போகிறது. மின்சார ஆட்டோ போகிறது. மின்சாரக் காரும் போகிறது. இவற்றுக்கு மேலே கம்பி இல்லை. வேண்டிய மின்சாரத்தை வயிற்றிலே கட்டிக்கொண்டு போகின்றன. அந்த வயிறுதான் பாட்டரி.

வயிறு காலியானால் வண்டி நின்றுவிடும். அதனால் ஓட்டுபவரின் கண் முன்னால் ஒரு எண் தெரிகிறது. "இன்னும் 180 கிலோ மீட்டர் போகலாம்" என்கிறது அந்த எண். அதை நம்பித்தான் குடும்பமே வண்டியில் ஏறுகிறது.

அந்த எண் நிஜமா?

டெல்லியில் எழுந்த தகராறு

2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் டாட்டா கம்பெனி "நெக்சான்" என்ற மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு தடவை மின்சாரம் ஏற்றினால் 312 கிலோ மீட்டர் ஓடும் என்பது அதற்குக் கிடைத்த சான்று.

டெல்லியில் அந்தக் காரை வாங்கிய ஒருவர் புகார் கொடுத்தார். "என் கார் 200 கிலோ மீட்டருக்கு மேல் ஓடியதே இல்லை" என்றார் அவர்.

அப்பொழுது டெல்லி அரசாங்கம் மின்சாரக் கார் வாங்குவோருக்கு மானியம் கொடுத்து வந்தது. புகாரைத் தொடர்ந்து, 2021 மார்ச் மாதம் அந்தக் காருக்குரிய மானியத்தை நிறுத்தி வைத்தது. கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போனது. அதே மாதத்தில் ஐகோர்ட்டு அரசாங்க உத்தரவுக்குத் தடை விதித்தது.

312 என்பது சோதனை நிலையம் அளந்து கொடுத்த எண் என்பது கம்பெனியின் வாதம். ரோட்டில் ஓடும் தூரம் ஏர்கண்டிஷனையும், ஓட்டும் விதத்தையும், சாலையையும் பொறுத்தது என்றும் அது சொன்னது.

இதில் யார் சொன்னது பொய்? இரண்டுமே ஒரே காருக்குப் பொருந்தக்கூடிய எண்கள்தான்! ஒன்று சோதனைச்சாலை எண். மற்றொன்று ரோட்டு எண்.

திருப்பதிக்குப் போய்வர முடியுமா?

இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஆவடியில் உள்ள ஒரு குடும்பத்துக்கு எப்படிப் பட்டுத் தெரியும்?

ஆவடியிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, புத்தூர் வழியாகத் திருப்பதி சுமார் 115 கிலோ மீட்டர். போய்த் திரும்ப 230. "312 கிலோ மீட்டர் ஓடும் கார்தானே! போய்விட்டு வந்துவிடலாம்" என்று அப்பா சொல்வார். கணக்கு சரிதான்.

ஆனால் கார் 200 கிலோ மீட்டர்தான் ஓடும் என்றால்? திரும்பும் வழியில், வீட்டுக்கு 30 கிலோ மீட்டர் இருக்கும்போது கார் நின்றுவிடும்.

இதில் மலை ஏறியதைச் சேர்க்கவில்லை. கீழ்த் திருப்பதியிலிருந்து திருமலை சுமார் 700 மீட்டர் உயரம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஒரு கார் அந்த உயரம் ஏற மட்டும் 3 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். சமதரையில் அதே மின்சாரத்தில் 20 கிலோ மீட்டர் போகலாம். இறங்கும்போது ஒரு பகுதி பாட்டரிக்குத் திரும்பி வரும்; முழுவதும் வராது.

உருளை மேல் ஓடும் கார்

சான்று எண் எப்படிக் கிடைக்கிறது?

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் மோட்டார் வாகனச் சோதனை நிலையம் ஒன்று இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் காரை உருளைகள் மேல் நிறுத்துவார்கள். சக்கரம் சுழலும், உருளையும் சுழலும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

சோதனைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி நகர ஓட்டம். மேல் வேகம் மணிக்கு 50 கிலோ மீட்டர். சராசரி வேகம் சுமார் 19 கிலோ மீட்டர்தான். இரண்டாவது பகுதி ஊருக்கு வெளியே ஓடும் ஓட்டம். மேல் வேகம் 90 கிலோ மீட்டர்.

அங்கே குண்டும் குழியும் இல்லை. ஏர்கண்டிஷன் போடுவதில்லை. பின் சீட்டில் பாட்டியும் பேரனும் இல்லை. டிக்கியில் மூட்டை இல்லை.

அப்படியானால் இந்தச் சோதனை எதற்கு? ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. எல்லா வண்டியையும் ஒரே தராசில் நிறுத்தாவிட்டால் எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியாது. தராசில் தவறில்லை. அதன் எண்ணை ரோட்டு எண்ணாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

கம்பெனிகளே இப்பொழுது இரண்டு எண் சொல்லத் தொடங்கிவிட்டன. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஏதர் கம்பெனி, 2022-ல் ஒரு புதிய ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. சான்று எண் 146 கிலோ மீட்டர். நிஜமாக ஓடும் தூரம் 105 என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. 2024-ல் வந்த டாட்டா "கர்வ்" மின்சாரக் காருக்குச் சான்று எண் 585. ரோட்டில் 400 முதல் 425 வரை எதிர்பார்க்கலாம் என்று கம்பெனியே சொன்னது.

கார் போடும் கணக்கு

சரி, சான்று எண் வேண்டாம். காருக்குள்ளே தெரியும் எண்ணையாவது நம்பலாமா?

அரிசி டப்பாவைத் திறந்து பார்க்கும் அம்மா, "இன்னும் பத்து நாளைக்கு வரும்" என்கிறார். எப்படிச் சொல்கிறார்? டப்பாவில் இருக்கும் அரிசியைப் பார்க்கிறார். போன வாரம் ஒரு நாளைக்கு எவ்வளவு செலவானது என்று நினைத்துப் பார்க்கிறார். கணக்கு சரி. ஆனால் நாளைக்கே ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்துவிட்டால்? பத்து நாள் ஆறு நாளாகிவிடும்.

காரும் இதே கணக்கைத்தான் போடுகிறது. பாட்டரியில் மிச்சம் எவ்வளவு? சற்று முன்பு வரை கிலோ மீட்டருக்கு எவ்வளவு செலவானது? இரண்டையும் வைத்து ஓர் எண்ணைக் காட்டுகிறது. அது போன பாதையைப் பார்த்துச் சொன்ன எண். வரப்போகும் பாதை அதற்குத் தெரியாது. வழியைக் கேட்டுக்கொண்டு கணக்குப் போடும் கார்களும் உண்டு. அவையும் ஊகம்தான் செய்கின்றன.

காலை வேளையில் சி.டி.எச். சாலையில் மெதுவாகப் போகும் கார் பெரிய எண்ணைக் காட்டும். அதே கார் நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறி வேகம் எடுத்ததும் எண் மளமளவென்று குறையும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பதே காரணம்.

சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றால் ஏர்கண்டிஷன் மட்டும் ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் மின்சாரத்தைக் குடித்துவிடும். கார் நகராமலே பத்து கிலோ மீட்டர் தீர்ந்துவிட்டது! பாட்டரிக்கு வயது ஏற ஏற அதன் வயிறும் சுருங்கும்.

இரண்டு வயிறு உள்ள கார்

"ஒரு வயிறு இருந்தால்தானே பயம்? இரண்டு இருந்தால்?" என்று யோசித்தவர்களும் உண்டு. அவர்கள் செய்ததுதான் பிளக்-இன் ஹைப்ரிட் கார். வீட்டில் பிளக்கைச் சொருகி மின்சாரம் ஏற்றலாம். மின்சாரம் தீர்ந்தால் பெட்ரோல் என்ஜின் தானே ஓடத் தொடங்கும். இந்தியாவில் இந்த வகைக் கார்கள் மிகவும் குறைவு. ஐரோப்பாவிலும் சீனாவிலும் நிறைய ஓடுகின்றன.

இந்தக் கார் நடுவழியில் நிற்காது. ஆகவே அதன் எண் தவறினாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. தெரிவது பெட்ரோல் பங்கில்தான்!

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போய்த் திரும்ப சுமார் 45 கிலோ மீட்டர். "மின்சாரத்திலேயே 60 கிலோ மீட்டர்" என்று ஒரு கார் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெட்ரோலே வேண்டாம். நிஜத்தில் 40 ஓடினாலும் மோசம் இல்லை. கடைசி 5 கிலோ மீட்டருக்குத்தான் பெட்ரோல். ஆனால் மாடிக் குடியிருப்பில் கார் நிற்கும் இடத்தில் பிளக் இல்லை என்றால்? மின்சாரமே ஏறாது. கனமான பாட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு, முழுத் தூரமும் பெட்ரோலில் ஓடும்.

ஐரோப்பாவில் நடந்தது இதுதான். 2024 மார்ச்சில் ஐரோப்பியக் கமிஷன் ஓர் அறிக்கை வெளியிட்டது. கார்களுக்குள் இருக்கும் கருவிகளில் பதிவான அளவுகளை அது ஆராய்ந்தது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை எண்ணைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதிகப் புகை விட்டன. பிளக்-இன் ஹைப்ரிட் கார்களோ மூன்றரை மடங்கு விட்டன! எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் பிளக்கைச் சொருகவில்லை. அதுவே முக்கிய காரணம்.

வீட்டிலேயே அளக்கலாம்

அப்படியானால் எந்த எண்ணை நம்புவது? நீங்களே அளந்த எண்ணை!

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நாள் பாட்டரியை முழுதாக நிரப்புங்கள். கிலோ மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஆட்களோடு, வழக்கமான வேகத்தில், ஏர்கண்டிஷன் போட்டு ஓட்டுங்கள். பாட்டரி நூற்றுக்கு 50 என்று காட்டும்போது எத்தனை கிலோ மீட்டர் வந்திருக்கிறது என்று பாருங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் வண்டியின் எண். கோடையில் ஒரு தடவை, மழைக்காலத்தில் ஒரு தடவை அளந்து, வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். அதிலும் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

இனிமேல் வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். "சான்று எண் எவ்வளவு? ரோட்டில் எவ்வளவு?" இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால், சான்று எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் குடும்பத்தின் தேவையைப் பாருங்கள். அதற்குப் பிறகும் போதுமானால் வாங்கலாம். கடன் தவணை கட்டப் போவது நிஜப் பணத்தில். ஆகவே தூரமும் நிஜமாக இருக்க வேண்டும்.

ஆவடிக்கு இது புதிய பாடம் அல்ல. "அர்ஜூன்" டாங்கியை உருவாக்கியது ஆவடியில் உள்ள ஆராய்ச்சி நிலையம். அதை இங்கே மட்டும் ஓட்டிப் பார்த்து, சரி என்று விட்டுவிடவில்லை. ராஜஸ்தான் பாலைவனத்துக்குக் கொண்டுபோய், கொதிக்கும் மணலில் ஓட்டிப் பார்த்தார்கள். எங்கே ஓட வேண்டுமோ அங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டாங்கிக்குப் பாலைவனம். குடும்பக் காருக்கு, தினம் போய் வரும் அந்த ரோடு!