உங்களுக்குத் தெரியுமா? ரத்தக்குழாயின் நெகிழ்வு ஒருமுறை கிடைக்கும் சீதனம்

திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளை ஏறும்போது, ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் பெருந்தமனி விரிந்து சுருங்குகிறது. அந்த நெகிழ்வைத் தருவது எலாஸ்டின் என்னும் புரதம். கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே இதன் பெரும்பகுதி உருவாகிவிடுகிறது. பிறகு உடல் புதிதாகச் செய்வது மிகக் குறைவு. சிதைந்த எலாஸ்டினின் துணுக்குகளும் சும்மா கிடப்பதில்லை. செல்களின் ஏற்பிகளில் ஒட்டி அழற்சியைத் தூண்டுகின்றன. எலிகளில் அவை தமனிக் கொழுப்புப் படிவை அதிகரித்தன. வயதானால் குழாய் விறைப்பது இயற்கைதானே என்று கேட்கலாம். முதுமையைத் தடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் புகைபிடித்தல் எலாஸ்டினை அரிக்கும் நொதிகளைப் பெருக்குகிறது. உயர் ரத்த அழுத்தம் அதன் இழைகளை நைந்துபோகச் செய்கிறது. புகைபிடிப்பதை விடலாம், அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். திரும்பக் கிடைக்காத சொத்தை அப்படித்தான் காக்க வேண்டும்.