ஆம்ப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமா?

2013 டிசம்பரில் மெட்டாலிக்கா குழு அண்டார்டிகாவில் வாசித்தது. அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையத்தில் ஒரு சின்னக் கூடாரம். பனிக்கண்டத்தின் அமைதி குலையக் கூடாதென்று ரசிகர்கள் எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் தலையாட்டினார்கள். கிட்டார்களுக்குப் பின்னால் வால்வு ஆம்ப் இல்லை. ஆம்ப்பின் ஒலியைப் போலச்செய்யும் டிஜிட்டல் மாடலர்தான் இருந்தது, ஃப்ராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ்.

1998-ல் லைன் 6 நிறுவனம், சிவப்பு ராஜ்மா விதை போன்ற 'பாட்' மாடலரைக் கொண்டுவந்தபோது அதை விளையாட்டுச் சாமானாகப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. இன்று அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

மாடலர்களில் இரண்டு வழிகள். ஆக்ஸ்-எஃப்எக்ஸும் லைன் 6-ன் ஹெலிக்ஸும் ஆம்ப்பின் சர்க்யூட்டையே கணக்காக எழுதிவைத்திருக்கின்றன. குமிழைத் திருகினால் அசல் ஆம்ப் போலவே குணம் மாறும். ஜெர்மனியின் கெம்ப்பர், மைக் வைத்த ஆம்ப்பை அந்த நிமிடத்தில் இருக்கிறபடி படியெடுக்கிறது. படி அச்சு அசல்தான். ஆனால் குமிழை அதிகம் திருகினால் சாயம் வெளுக்கலாம். ஃபின்லாந்தின் குவாட் கார்டெக்ஸ் இரண்டையும் செய்கிறது.

ஒலியில் இவற்றைப் பிரித்துச் சொல்வது இப்போது கஷ்டம். மேடையில் வேறுபாடு காலடியில் இருக்கிறது. ஹெலிக்ஸின் பெரிய தரை மாடலில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே ஒரு குட்டித் திரை. இருட்டிலும் எதை மிதிக்கிறோம் என்று தெரியும். குவாட் கார்டெக்ஸ் ஏறத்தாழ இரண்டே கிலோ. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் சுவிட்சுகள் நெருக்கம். பெரிய ஷூ போடுபவர்கள் யோசிக்க வேண்டும்.

மாடலரைப் பலர் திட்டுவது முதல் கச்சேரியில்தான். ராத்திரி ஹெட்போனில் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய ஒலி, அரங்கில் டிரம்ஸ் தொடங்கியதும் காணாமல் போகும். குற்றம் கருவியுடையது அல்ல. சத்தம் குறைவாக இருக்கும்போது காது கீழ்ச்சுருதியையும் கீச்சொலியையும் குறைத்தே கேட்கும். அதை ஈடுகட்ட நாம் இரண்டையும் ஏற்றிவைப்போம். உரக்க வாசிக்கும்போது அவையே பூதமாக எழும், கிட்டார் குடியிருக்கும் நடு அலைவரிசைகள் அமுங்கிப்போகும். மேடை ஒலியை மேடைச் சத்தத்தில்தான் அமைக்க வேண்டும்.

பதிவில் இந்தத் தொல்லை குறைவு. யூஎஸ்பி வழியாக ஆம்ப் ஒலியோடு வெறும் கிட்டார் ஒலியையும் தனியே பதிந்துகொண்டால், அடுத்த வாரம் ஆம்ப்பையே மாற்றலாம். விரல் வாசித்தது வாசித்ததுதான்.

என் ஓட்டு: வாரம் தவறாமல் மேடையேறுபவருக்கு ஹெலிக்ஸ், சொந்த ஆம்ப்பைப் படியெடுக்க விரும்புபவருக்குக் குவாட் கார்டெக்ஸ். வீட்டில் பதிவு மட்டும் செய்பவர்கள், பர்ஸைத் திறப்பதற்கு முன் 'நியூரல் ஆம்ப் மாடலர்' மென்பொருளைக் கணினியில் இறக்கிப் பாருங்கள். அது இலவசம்.