மது வரியும் மலைச்சரிவில் விழுந்த கண்ணாடியும்

மதுவின் மீது வரி விதித்தாலும் தடை விதித்தாலும், அதன் விளைவு குடிப்பவரோடு நின்றுவிடுவதில்லை. குடிப்பழக்கமே இல்லாத நெசவாளரையும் விவசாயியையும் அது வந்தடைகிறது. அது எவ்வாறு என்பதை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமுலாக்கியது. கலால் வருமானம் குறைந்தது. அக்குறையை ஈடுசெய்யும் பொருட்டு 1939இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி பிறந்தது. 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. மதுக்கடை திரும்பி வந்தபோதும், அதற்கு ஈடாக வந்த வரி நீங்கவில்லை. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது, அதில் சேராமல் மாநிலத்தின் கையில் நின்ற பண்டங்களுள் மதுவும் பெட்ரோலும் முக்கியமானவை. மது வருமானத்துக்குப் பதிலாகப் பிறந்த வரியின் வாரிசு, இன்று மதுவையே பெரிதும் சார்ந்திருக்கிறது!

வரியால் விலை உயர்ந்தால் பலர் குடியைக் குறைப்பர், அது நன்மையே. ஆயினும் பழக்கத்துக்கு அடிமையான ஏழை மலிவான சரக்கைத் தேடிச் செல்வான். சிகரெட்டின் விலை ஏறினால் பீடிக்கு மாறுவது போன்றதே இது. ஆனால் கள்ளச்சாராயத்தில் உயிரே போய்விடும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நமது நீலகிரியில் கண்ட விளைவு வேறு. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக்கே நடத்துகிறது. குடித்தபின் எறியப்பட்ட பாட்டில்கள் காட்டிலும் ஓடையிலும் உடைந்து கிடந்தன. யானையின் பாதத்தையும் கிழித்தன. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் பிடுங்குவோர்க்கும் தேயிலை பறிப்போர்க்கும் மண்ணில் புதைந்த கண்ணாடித் துண்டு எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டபின், 2022 மே மாதம் இம்மாவட்டத்தில் ஒரு திட்டம் தொடங்கிற்று. பாட்டில் ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்ததும் அத்தொகையைத் தந்துவிடுவார்கள். இது வரியன்று, முன்பணம். எறிந்தால் நஷ்டம் என்று ஆனதும், எறியும் கை தயங்குகிறது.

இதிலும் ஒரு பாரம் உண்டு. பாட்டில்களை வாங்கி, எண்ணி, அடுக்கும் வேலை கடை ஊழியர் தலையில் விழுந்தது. அதற்கும் ஆளும் இடமும் ஒதுக்கினாலன்றித் திட்டம் நிலைக்காது.

எனவே வரியும் சட்டமும் வீண் என்று முடிவு கட்டலாகாது. பழக்கம் அடுத்து எந்த வழியில் திரும்பும் என்பதை முன்கூட்டியே எண்ணி இயற்றும் சட்டமே பயன் தரும். கடன் மனுவில் குடிச்செலவுக்கென்று ஒரு பத்தி இல்லை. தவணை தவறும்போதுதான் அது புலப்படுகிறது. அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுக் கணக்கில் அதற்கும் ஒரு வரி எழுதிப் பார்ப்பார்களாக. நிலத்தில் கிடக்கும் பாட்டிலை ஓடையில் தள்ளாது, உடையுமுன் எடுத்து அப்புறப்படுத்துவார்களாக.