ஜெர்மனியில் காரை நிறுத்துமுன்

அயல்நாட்டில் கார் ஓட்டப் புறப்படுகிறவர்கள், சாலையின் வலப்பக்கமாகச் செல்வது எப்படி, நாற்சந்தியில் முன்னுரிமை யாருக்கு, நெடுஞ்சாலையில் எந்த வேகத்தில் போகலாம் என்பனவற்றையெல்லாம் சிரத்தையுடன் விசாரித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கும் கணத்திலிருந்து வேறொரு சட்டம் தம்மீது செல்லத் தொடங்குகிறது என்பதை, திரும்பி வந்து வைப்பரின் அடியில் செருகியிருக்கும் அபராதச் சீட்டைக் கண்ட பிறகுதான் பலர் உணர்கிறார்கள். ஜெர்மனிக்குப் போகும் பிரயாணி இதை முன்னதாகவே அறிந்திருப்பது நல்லது. அந்நாட்டில் வண்டியை நிறுத்துகிறவர் பொது வீதியில் ஓர் இடத்தைக் குறித்த காலத்துக்கு இரவல் வாங்குகிறார். இரவல் தொடங்கிய நேரத்தைத் தாமே நேர்மையாகக் காட்டும் பொறுப்பும் பல இடங்களில் அவரிடமே விடப்பட்டிருக்கிறது.

நேரத்தைக் காட்டும் அந்தச் சாதனம் ஒரு நீல நிற அட்டை. பதினொரு சென்டிமீட்டர் அகலமும் பதினைந்து சென்டிமீட்டர் உயரமும் கொண்ட அதன் உள்ளே ஒரு வெள்ளைத் தட்டு இருக்கிறது. விளிம்பைப் பிடித்துத் திருப்பினால், வெட்டிவிட்ட சிறு சாளரத்தின் வழியே மணி எண்களும் அரைமணிக் கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அம்புக்குறிக்கு நேராக வந்து நிற்கும். பெட்ரோல் நிலையத்தில் சொற்ப விலைக்கு வாங்கலாம். வாடகை வண்டியானால் பெரும்பாலும் கதவின் பையிலோ முன்பெட்டியிலோ கிடக்கும். வண்டியை எடுக்கும்போதே அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

1957ஆம் ஆண்டு பாரிஸ் நகரம் தன் மையப்பகுதியில் நீல மண்டலம் ஒன்றை வகுத்து இம்முறையைப் புகுத்தியது. ஜெர்மனியில் முதன்முதல் இதைக் கைக்கொண்ட நகரம் காஸல், ஆண்டு 1961. யுத்தத்துக்குப் பின் கார்கள் பெருகப் பெருக, காலையில் வந்த ஒருவரின் வண்டி மாலைவரை கடைவாசலை அடைத்துக்கொண்டு நிற்க, சாமான் வாங்க வந்தவர்கள் இடமின்றிச் சுற்றிச் சுற்றி வரவேண்டியதாயிற்று. இந்தச் சங்கடத்தைத் தெருத்தோறும் இயந்திரம் நாட்டாமலே தீர்க்கும் உபாயமாகப் பிறந்ததுதான் இந்த அட்டை.

இதை வைக்கும் முறையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வந்த நேரத்தை அப்படியே காட்டாமல், அதற்கு அடுத்து வரும் அரைமணிக் கோட்டில் அம்புக்குறியை நிறுத்த வேண்டுமென்பது ஜெர்மன் விதி. காலை 10.05க்கு வந்தவர் 10.30 என்று வைப்பார். பலகை இரண்டு மணி நேரம் அனுமதித்தால், 12.30 வரை அவருக்கு உரிமை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியுமாறு அட்டையை முன்கண்ணாடியின் உட்புறத்தில் வைக்க வேண்டும். கெடு முடியும் தறுவாயில் வந்து, வண்டியை நகர்த்தாமல் தட்டை மட்டும் திருப்பிவிட்டுப் போவது குற்றம். வண்டி நின்ற நேரத்தைப் பதிந்து அப்படியே காட்டிக்கொண்டிருக்கும் மின்னணு அட்டைகளில் அங்கீகாரம் பெற்றவை செல்லும். நிறுத்திய பின்னும் தானாக முன்னோக்கி ஓடும் தட்டுகள் சட்டவிரோதமானவை. கட்டணச் சீட்டு தரும் இயந்திரம் பழுதுபட்டிருந்தால், இலவசமென்று எண்ணி நடந்துவிடக் கூடாது. அங்கேயும் இந்த அட்டையை வைத்து, அனுமதித்த உச்சநேரம் வரையில்தான் நிற்கலாம்.

ஒரு நகராட்சி தன் ஜனங்களையும், எங்கிருந்தோ வந்த அந்நியனையும் சரிசமமாக நம்பி, ‘நீ எப்போது வந்தாய் என்பதை நீயே சொல்’ என்று விட்டிருப்பது எனக்குப் பெரிதும் உவப்பாக இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் கடமை விருந்தாளிக்கு உள்ளூர்க்காரரைவிட ஒரு படி கூடுதலாக உண்டென்பது என் அபிப்பிராயம்.

அட்டை வேண்டாத இடங்களிலும் விதிகள் இல்லாமலில்லை. மூன்று நிமிஷத்துக்கு மேல் நின்றாலும், ஓட்டுநர் வண்டியை விட்டு அகன்றாலும், அது வெறுமனே நின்றதாகாமல் ‘நிறுத்தி வைத்தது’ ஆகிவிடும். சிவப்பு விளிம்பிட்ட நீல வட்டத்தில் ஒரே குறுக்குக் கோடு இருந்தால், ஆளை ஏற்றி இறக்கவும் சாமான் ஏற்றி இறக்கவும் நிற்கலாம். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் அதற்கும் இடமில்லை. அப்பலகையில் காணும் சிறு வெள்ளை அம்பு வண்டிகள் செல்லும் திசையைக் காட்டுவதன்று. சாலையை நோக்கியிருந்தால் தடை அங்கே தொடங்குகிறது, சாலைக்குப் புறங்காட்டியிருந்தால் அங்கே முடிகிறது. பலகையின் கீழ் வேலைநாள் என்று நேரம் குறித்திருந்தால் சனிக்கிழமையும் அதில் சேர்த்தி. சந்திப்பிலிருந்து ஐந்து மீட்டருக்குள்ளும், வலப்புறம் தனி மிதிவண்டிப் பாதை இருந்தால் எட்டு மீட்டருக்குள்ளும், பஸ் நிறுத்தப் பலகைக்கு இருபுறமும் பதினைந்து மீட்டருக்குள்ளும் நிறுத்தக் கூடாது. வீட்டு வாசலுக்கு நேரே தாழ்த்திய நடைபாதை விளிம்பும் விலக்கப்பட்டதே. சந்திப்பு முனையில் நிற்கும் ஒரு கார், தெருவைக் கடக்கக் காத்திருக்கும் சிறு குழந்தையை ஓட்டிவருபவரின் கண்ணிலிருந்து முழுவதும் மறைத்துவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த ஐந்து மீட்டரை யாரும் கெடுபிடி என்று சொல்ல மாட்டார்கள்.

பல நாட்கள் ஓரிடத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் ஊர் சுற்றப் போகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றுண்டு. வீடு மாற்றுகிறவர்களுக்காகவும் மராமத்து வேலைகளுக்காகவும் தற்காலிகத் தடைப்பலகைகள் நடப்படுகின்றன. நிறுத்தும்போது இல்லாத பலகை நடுவில் முளைத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு விடை கூறியது. பலகை நட்டு முழுதாக மூன்று நாட்கள் கழிந்து நான்காம் நாளில் வண்டி அகற்றப்பட்டால், அதன் செலவு சொந்தக்காரரைச் சாரும் என்பதே அத்தீர்ப்பு. ஆகவே, ஒரு வாரம் வெளியூர் போகிறவர் தெருவை நம்பாமல் கட்டண நிறுத்தகத்தில் விட்டுப் போவதே விவேகம்.

அபராதத் தொகைகள் 2021 நவம்பரில் உயர்த்தப்பட்டன. அட்டை வைக்காமலோ கெடு கடந்தோ அரைமணி வரை நின்றால் 20 யூரோ. மூன்று மணிக்கு மேற்பட்டால் 40. மாற்றுத்திறனாளிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் 55. இழுவை வண்டி வந்துவிட்டால் செலவு இதைப்போல் பல மடங்காகும். வாடகை வண்டியானால், நிறுவனம் ஓட்டுநரின் விவரத்தை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சிரமத்துக்கென்று தனிக் கட்டணமும் வசூலிப்பது வழக்கம். பல்பொருள் அங்காடிகளின் வளாகத்தில் தனியார் கண்காணிப்பு இருக்கும். அங்கேயும் நீல அட்டை கேட்கும் பலகை வாசலில் உண்டா என்று பார்த்தபின் உள்ளே போகவேண்டும். பெருநகரங்கள் பலவற்றில் புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்கள் இருக்கின்றன. அவற்றுள் பச்சை ஒட்டுச்சீட்டு இல்லாத வண்டி ஓடாமல் நின்றுகொண்டிருந்தாலுங்கூட 100 யூரோ அபராதத்துக்கு உள்ளாகும். அயல்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிக்கும் இதில் விலக்கில்லை.

எல்லை கடந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஜெர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவுக்குச் சுவிட்சர்லாந்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கார்களில் வருகின்றன. முன்கண்ணாடியில் வைக்கும் நீல அட்டை பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், அதைப் படிக்கும் கணக்கு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆஸ்திரியாவில் வந்த நேரத்தை அடுத்த கால்மணிக்குத்தான் உயர்த்தலாம். சுவிட்சர்லாந்தின் நீல மண்டலத்தில் பகலில் பொதுவாக ஒரு மணி நேரமே அனுமதி, ஆனால் 11.30க்கும் 13.30க்கும் இடையில் வந்தவர், நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 14.30 வரை வண்டியை விட்டு வைக்கலாம். மாலை ஆறு மணிக்குமேல் வந்தவருக்கோ மறுநாள் காலை ஒன்பது மணிவரை அவகாசம் கிடைக்கும்.