21 நாளில் 10 கிலோ: இந்தக் கணக்கு டேலி ஆகுதா?

நம்ம சேனல்ல வழக்கமா டிடிஎஸ், எஸ்ஐபி, ஹோம் லோன்னுதான் பேசுவோம். இன்னிக்கு உடம்பு எடை. "சிஏவுக்கு இங்க என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. வேலை இருக்கு. "21 நாளில் 10 கிலோ குறைக்கலாம்" மாதிரியான விளம்பரம் உங்க போன்ல வராமலா இருக்கும்? "மாசம் 10 பர்சன்ட் வட்டி தர்றோம்"னு ஒருத்தர் வந்தா இந்த பிளாக் படிக்கிற யாரும் பணம் கொடுக்க மாட்டீங்க. ஆனா எடை விஷயத்துல அதே மாதிரி வாக்குறுதிக்கு முதல் மாசச் சம்பளத்துலயே ஜிபே பண்ணிடுறோம். அதனால அந்த விளம்பரத்தை ஒரு தடவை ஆடிட் பண்ணிடலாம்.

ஒரு கிலோ உடல் கொழுப்புல தோராயமா 7,700 கலோரி இருக்கு. 10 கிலோவுக்கு 77,000. அதை 21 நாளால வகுத்தா, ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 3,670 கலோரி பற்றாக்குறை வரணும். இப்ப செலவுப் பக்கம் பாருங்க. உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு ஒரு நாள் தேவை 2,110 கலோரி, 55 கிலோ பெண்ணுக்கு 1,660 என்பது ஹைதராபாத்தில் இருக்கும் ஐசிஎம்ஆர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் கொடுத்த கணக்கு. நீங்க 84 கிலோன்னா இன்னும் சில நூறு கூட வச்சுக்கோங்க. அப்பவும் 21 நாளும் வெறும் தண்ணி குடிச்சு இருந்தாக்கூட 3,670 வராது. மொத்தச் சம்பளமே 25,000 வாங்குறவர் மாசம் 40,000 சேமிக்கிறேன்னு சொல்ற கதைதான்.

"ஆனா மெஷின்ல நிஜமாவே அஞ்சு கிலோ குறைஞ்சு காட்டுதே?" காட்டும். சாப்பாட்டைத் திடீர்னு வெட்டும்போது உடம்பு முதல்ல எடுக்கிறது கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வச்ச கிளைகோஜனை. அது ஒரு கிராமுக்கு மூணு கிராம் அளவுக்குத் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். ரெண்டும் சேர்ந்து போகுது. ஒரு வாரம் பழையபடி சாப்பிட்டா ரெண்டும் திரும்பி வரும். இன்னும் இறுக்கிப் பிடிச்சா அடுத்து கரையறதுல தசையும் சேரும். கணக்குப் புத்தகத்துல லாபம் மாதிரித் தெரியும். உண்மையில அது சொத்தை வித்து வந்த காசு. போதாததுக்கு, வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல குறையறவங்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுது. அந்த ஆபரேஷன் பில் எந்த பேக்கேஜ்லயும் சேர்த்தி இல்ல.

சரி, நியாயமான வேகம் எது? அதே நிறுவனத்தின் உணவு வழிகாட்டி சொல்வது வாரத்துக்கு அரை கிலோ. ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே எடை குறைப்பு உணவு போகக்கூடாதுன்னும் அது சொல்லுது. என்னைக் கேட்டா, அரை கிலோவை உச்ச வரம்பா வச்சுக்கிட்டு கால் கிலோவை இலக்கா வைங்க. 170 செ.மீ. உயரம், 84 கிலோன்னா பிஎம்ஐ 29. இந்தியர்களுக்கு 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே உடல் பருமன் ஆரம்பிச்சிடுது. ஆனா உடனே 66 கிலோவுக்கு இலக்கு வைக்காதீங்க. முதல் தவணை 5 சதவீதம், அதாவது சுமார் நாலு கிலோ. வாரம் கால் கிலோன்னா நாலு மாசம். அவ்வளவுதான் முதல் இலக்கு.

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதிக்கு வர்றேன்.

டவுண் ஆர்ச் பக்கமோ ஜங்ஷன் பக்கமோ ஆபீஸ்ல இருக்கீங்கன்னா, ஒரு நாளைக்கு நாலு டீ சாதாரணம். டீக்கு ரெண்டு ஸ்பூன் சீனி. ஒரு ஸ்பூன் 5 கிராம், 20 கலோரி. ஆக மொத்தம் 160 கலோரி. இந்தச் சீனியை மட்டும் நிறுத்தினா? நேர்கோட்டுக் கணக்கு போட்டா வருஷத்துக்கு ஏழரை கிலோ குறையணும். பத்து வருஷத்துல 76 கிலோ. அதாவது நம்ம 84 கிலோ நண்பர் சீனியில்லா டீ குடிச்சே 8 கிலோ ஆயிடணும்! எங்கயோ இடிக்குதுல்ல?

இடிக்கிற இடம் இதுதான்: எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையுது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால் என்ற விஞ்ஞானியின் குழு 2011-ல் 'லான்செட்' இதழில் இதுக்கு ஒரு எளிய சூத்திரம் கொடுத்தது. தினசரி 24 கலோரியை நிரந்தரமாக் குறைச்சா, கடைசியில ஒரு கிலோ குறையும். அதுல பாதி முதல் வருஷத்துல, கிட்டத்தட்ட முழுசும் மூணு வருஷத்துல. அப்படிப் பார்த்தா நம்ம 160 கலோரி சீனிக்கு மொத்தம் ஆறரை கிலோ. முதல் வருஷம் மூணு, மூணேகால்.

எஸ்ஐபி போடுறவங்களுக்கு இது தலைகீழாத் தெரியும். அங்க முதல்ல மெதுவா ஏறி பின்னாடி வேகம் பிடிக்கும். இங்க முன்னாடி வேகமா இறங்கி அப்புறம் மெதுவாகும். ஆறாவது மாசம் மெஷின் அசையாம நிக்கும்போது "என் உடம்பு இப்படித்தான்"னு நிறுத்திடுறோம் பாருங்க, அங்க தப்பு உடம்புல இல்ல, எதிர்பார்ப்புல. ஆனித் திருவிழாவுல நெல்லையப்பர் தேர் ரத வீதியில திரும்புறதைப் பார்த்திருப்பீங்க. சக்கரத்துக்குக் கட்டை போட்டுப் போட்டுத்தான் நகர்த்துவாங்க. தேர் எப்ப நிலைக்கு வரும்னுதான் ஊர் கேட்கும், எவ்வளவு வேகமா ஓடுச்சுன்னு யாரும் கேட்கிறதில்ல.

ஹால் குழு இன்னொரு ஆய்வும் பண்ணுச்சு. 'தி பிகஸ்ட் லூசர்' என்ற அமெரிக்க டிவி ஷோவின் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு மறுபடி பரிசோதிச்சாங்க. முடிவு 2016-ல் வந்தது. 30 வாரத்துல சராசரியா 58 கிலோ குறைச்சவங்க அவங்க. ஆறு வருஷத்துல அதுல 41 கிலோ திரும்ப வந்துடுச்சு. அதைவிடக் கொடுமை, அவங்க எடைக்கும் வயசுக்கும் ஓய்வா இருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்கணுமோ, அதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவா எரிச்சுக்கிட்டு இருந்தது. அசல் திரும்பி வந்த பிறகும் வட்டி கட்டிக்கிட்டே இருக்காங்க.

இதுக்கு நேர் எதிரா, நம்ம சென்னையில நடந்த ஒண்ணு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006-ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசல்ல நின்ன 531 பேர். பெரும்பாலும் நம்மள மாதிரி வேலைக்குப் போற நடுத்தர வர்க்கம். ஒரு பிரிவுக்குச் சொன்னது ரொம்பச் சாதாரணமான விஷயங்கள்: தினம் அரை மணி நேரம் நல்ல நடை, சீனியும் எண்ணெயும் மாவும் குறை, நார்ச்சத்து கூட்டு. மூணு வருஷத்துல, எதுவும் சொல்லப்படாத பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது; இந்தப் பிரிவில் 39.3 சதவீதம். இதுல ஆச்சரியம் என்னன்னா, இவங்க எடை பெருசாக் குறையவே இல்ல. மெஷின் அசையல, ஆனா ரிஸ்க் இறங்கிடுச்சு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருக்கிற வீட்டுல பிறந்தவங்க இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிங்க.

"அப்ப அல்வாவை விடணுமா அண்ணே?" கமெண்ட்ல இது கண்டிப்பா வரும். விட வேண்டாம், பட்ஜெட்ல போடுங்க. சாயங்காலம் இருட்டுக்கடை முன்னாடி இலையில வாங்கி நின்னு சாப்பிடுற அல்வா ஒரு செலவு. அரை கிலோ பார்சல் வாங்கி ஃபிரிட்ஜ்ல வச்சு தினம் ரெண்டு ஸ்பூன் எடுக்கிறது இஎம்ஐ. முதலாவது பரவாயில்ல, ரெண்டாவதுதான் ஆளைச் சாய்க்கும். கல்யாண வீட்டுச் சொதிச் சாப்பாடும் அப்படித்தான். மறுவீட்டுக்குப் போயிட்டு "எனக்குத் தேங்காப்பால் வேண்டாம்"னு சொல்லி அத்தை மனசை நோகடிக்காதீங்க. அன்னிக்குச் சாப்பிடுங்க. மத்த 27 நாள் ராத்திரி பரோட்டாவுல கை வைங்க. தட்டுல பயறு, முட்டை, மீன், தயிர்னு புரதம் இருக்கட்டும். தசை என்கிற சொத்து அதுலதான் நிக்கும்.

பணத்தைப் பத்தியும் சொல்லிடுறேன், இல்லைன்னா சேனல் பேர் கெட்டுடும். ஜிம்முக்கு வருஷ பேக்கேஜ் 12,000 கட்டி மொத்தம் 24 நாள் போனா, ஒரு தடவைக்கு 500 ரூபாய். முதல் மூணு மாசம் மாதாமாதம் கட்டுங்க, "டிஸ்கவுண்ட் போயிடும் சார்"னு சொன்னாலும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிம் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18-ல இருந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு, பில்லைப் பாருங்க. சாயங்காலம் நாலு ரத வீதியையும் சுத்தி நடக்கிறதுக்கு ஜிஎஸ்டியே இல்ல.

எடை குறைக்கிற ஊசி பத்தியும் நிறைய மெசேஜ் வருது. அது டாக்டர் முடிவு பண்ண வேண்டிய விஷயம். பணக் கோணத்துல ஒண்ணு மட்டும்: செமாக்ளுடைடு ஊசியை நிறுத்தின ஒரு வருஷத்துல, குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்ததுன்னு 2022-ல் வந்த ஒரு ஆய்வு சொல்லுது. அதனால முதல் மாச விலையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. வருஷக்கணக்கா ஓடுற செலவாப் போட்டுப் பாருங்க.

ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு ஹெல்த் செக்கப் எடுத்துடுங்க. சர்க்கரைக்கோ பிபிக்கோ மாத்திரை எடுக்கிறவங்க, தைராய்டு இருக்கிறவங்க, கர்ப்பிணிகள் டாக்டர்கிட்ட கேட்காம சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். பழைய வரி முறையில இருந்தா, மெடிக்கல் இன்சூரன்ஸ் கழிவின் 25,000 வரம்புக்குள்ள 5,000 ரூபாய் வரை இந்தச் செக்கப்புக்குக் கழிவு உண்டு, பணமாக் கட்டினாலும் சரி. புது வரி முறையில இது கிடையாது. ஜிம் பில்லை எந்த முறையிலயும் காட்ட முடியாது, அதையும் கேட்டு மெயில் போடாதீங்க.

செக்கப் அன்னிக்கு ஒரு டேப்பால இடுப்பையும் அளந்து எழுதி வைங்க. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. அப்புறம் வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, காலையில வெறும் வயித்துல எடை பார்த்து எக்செல்ல போடுங்க. நாலு வாரச் சராசரியை மட்டும் பாருங்க. தினசரி என்ஏவி பார்க்கிற பழக்கம் இங்கயும் வேண்டாம். அந்த ஷீட்டை வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கேன், காப்பி எடுத்துக்கோங்க.