உறைய மறுக்கும் துளிகள்

"பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் உறைந்துவிடுமே, மேகத்தில் எது தண்ணீர், எது ஐஸ் என்பதில் காலநிலை மாதிரிகளுக்கு ஏன் இத்தனை தடுமாற்றம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தண்ணீர் அவ்வளவு சொல்பேச்சுக் கேட்பதில்லை, அதுதான் சிக்கல்.

மேகத்தின் நுண்துளி சுத்தமாக இருந்தால் மைனஸ் 38 டிகிரி செல்சியஸ்வரைகூட உறையாமல் மிதக்கும். அதற்கு முன்பே உறைய, நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளத் தோதான ஒரு துகள் வேண்டும். எல்லாத் தூசும் உதவாது. பாலைவனப் புழுதியிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமம் இதில் கெட்டி. அதையும் மிஞ்சுவது இலைகளின்மேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா. தன் மேலுறையிலுள்ள புரதத்தால் மைனஸ் 2 டிகிரியிலேயே தண்ணீரை உறையவைத்துவிடும். பயிருக்கு அது எமன். பனிச்சறுக்கு மைதானக்காரர்களோ அதைக் கொன்று உலர்த்திய தூளைத் தண்ணீரில் கலந்து பீய்ச்சிச் செயற்கைப் பனி செய்கிறார்கள்!

பூமியை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் மாதிரியால் துளித்துளியாகப் பார்க்க முடியாது. அதனால் பழைய மாதிரிகள் வெப்பநிலையை மட்டும் வைத்துப் பங்கு பிரித்தன. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியில் 0 டிகிரிக்கு மேல் முழுக்கத் தண்ணீர், மைனஸ் 23க்குக் கீழே முழுக்க ஐஸ், நடுவே ஒரு சூத்திரம். 2010இல்தான் அங்கே இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடத் தொடங்கினார்கள்.

பங்கு மாறினால் என்ன? நறுக்கிய மாங்காயில் தூள் உப்பைத் தூவினால் துண்டெல்லாம் வெள்ளை பூக்கும். அதே எடைக் கல் உப்பைப் போட்டால் பாதி மாங்காய் வெறுமையாகத்தான் தெரியும். மேகமும் அப்படித்தான். அதே அளவு நீர் கணக்கற்ற நுண்துளிகளாக இருந்தால் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும், சில பெரிய படிகங்களாக இருந்தால் வெயில் உள்ளே இறங்கிவிடும். போதாக்குறைக்குப் படிகங்கள் பக்கத்துத் துளிகளின் ஈரத்தையும் இழுத்துக் கனத்து விழ, மேகமே மெலிந்துபோகும்.

அண்டார்டிகாவைச் சூழ்ந்த தெற்குப் பெருங்கடலில் இந்தக் கோளாறு வெளிப்பட்டது. நிலம் எட்டாத் தூரத்தில் இருப்பதால் அங்கே புழுதி அரிது. மேகங்கள் கடுங்குளிரிலும் தண்ணீராகவே நிற்கின்றன. மாதிரிகளோ அவற்றை ஐஸாக்கிவிட்டுக் கடலுக்குள் வெயிலை அளவுக்கு மீறிக் கொட்டின. 2006இல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோளின் லேசர், உருண்டைத் துளியையும் கோணல்மாணல் படிகத்தையும் ஒளி திரும்பும் விதத்தைக் கொண்டே பிரித்துக் காட்டியது. 2018இல் டாஸ்மேனியாவின் ஹோபர்ட்டிலிருந்து கிளம்பிய ஆய்வு விமானம் அந்த மேகங்களுக்குள்ளேயே புகுந்து அளந்து வந்தது.

மாதிரியில் பிழை என்றாலே "அப்படியானால் வெப்பமயமாதலும் பொய்" என்று கிளம்பிவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூமி சூடேறும்போது மேக ஐஸ் தண்ணீராகி, மேகம் வெளுத்து, வெயிலைக் கூடுதலாகத் தடுக்கும். இது இயற்கையான பிரேக். ஐஸை மிகையாக வைத்திருந்த மாதிரி, இல்லாத பிரேக்கை நம்பியிருந்தது. ஐவி டான் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2016இல் ஒரு மாதிரியைக் கலிப்சோ அளவுகளுக்கு ஏற்பத் திருத்தினார்கள். கரியமில வாயு இரட்டித்தால் ஏறும் வெப்பம் 4 டிகிரியிலிருந்து 5க்கு மேல் போனது. அது ஒரு மாதிரியின் கணக்கு. எல்லாச் சான்றுகளையும் எடைபோட்ட ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2021இல் 2.5 முதல் 4 வரை என்றது.

மாதிரியை ஓட்டும் கணினிக்குப் பணம் எளிதாகப் புரள்கிறது, அதைச் சரிபார்க்கும் கருவிக்குப் புரள்வதில்லை. கலிப்சோ 2023இல் ஓய்ந்தது. மறு ஆண்டு மே மாதம்தான் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து செய்த எர்த்கேர் செயற்கைக்கோள் மேலே போனது. அதுவும் மூன்று ஆண்டு வேலைக்கென்று கட்டப்பட்டது. அடுத்ததற்கு இப்போதே பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.